வெயிலுக்கு முறை வைத்த வாரம்

தஞ்சாவூரில் மன்னார்குடி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்ததும், "நான் இறங்க வேண்டிய இறக்கம் வந்தால் ஒருக்காச் சொல்லுவீங்களோ?" என்று கண்டக்டரிடம் கேட்டேன். எங்கள் கிளிநொச்சிப் பக்கம் பஸ் நிற்கிற இடத்துக்கு இறக்கம் என்றுதான் பெயர். அவர் டிக்கெட்டைக் கிழிக்காமல் என்னைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் ஏதும்மா இறக்கம்? பந்தை வச்சா வச்ச இடத்துலயே நிக்கும்."

பின் சீட்டில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "சிலோனாக்கா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

கண்டக்டர் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். ஆனால் முன் சீட்டுக்காரர் ஒருவரோடு அரசியல் பேச்சில் இறங்கியவர் மேலே வரவே இல்லை. நான் இறங்க வேண்டிய ஊர் எனக்குத் தெரியாமலே பின்னால் போய்விட்டது. தெரிந்தபோது அவர் என்னைவிட அதிகம் வருந்தினார். ஒரு டீக்கடை வாசலில் பஸ்ஸை நிறுத்தி, என் பையைத் தானே இறக்கி வைத்து, "எதிர் பஸ்ஸு இப்ப வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது வரவில்லை.

காத்திருந்த நேரத்துக்கு ஒரு தேநீர் கேட்டேன். எங்கள் வழக்கப்படி பால் வேண்டாம் என்றேன். கடைக்காரர் கவலையோடு, "வயித்துக்கு ஏதாவது பண்ணுதாம்மா?" என்றார். இல்லை, எங்கள் ஊரில் இப்படித்தான் குடிப்போம் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. தேநீரோடு ஒரு துண்டு இஞ்சியும் வந்தது.

அங்கேதான் ஜபருல்லா என்னைக் கண்டெடுத்தார். மன்னார்குடியில் மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர், வளைகுடாவில் பல வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். புதிதாகச் சுருள் சுற்றிப் பழுதுபார்த்த ஒரு மோட்டாரை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, நான் தவறவிட்ட அதே ஊருக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். மோட்டார் பின்னால், நான் முன்னால்.

"ராஜமாணிக்கம் வீட்டுக்கா? பந்தல்காரர் வீடுன்னு கேட்டிருந்தா டீக்கடையிலயே வழி சொல்லியிருப்பாங்களே," என்றார், நான் தங்கப்போகும் வீட்டுக்காரர் பேரைச் சொன்னதும்.

அந்தப் பந்தலைப் பார்க்கத்தான் நான் கடல் தாண்டி வந்திருந்தேன்.

எங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்புக்கு, இங்கே சொன்னால் விவசாயிகள் சங்கத்துக்கு, நான் செயலாளர். குளத்துத் தண்ணீரை யார் வயலுக்கு எந்த முறையில் விடுவது என்று தீர்மானித்து, அதற்காக எல்லாரிடமும் ஏச்சு வாங்குவதுதான் அந்தப் பதவி. குளத்துத் தண்ணீர் எட்டாத மேட்டுக் காணிகளுக்குக் கிணற்றிலிருந்து மண்ணெண்ணெய் மிஷினால் இறைப்போம். நாடு எரிபொருளுக்குத் தவித்த காலத்தில், மண்ணெண்ணெய்க்காகக் கான்களை வரிசையில் அடுக்கிவிட்டு அவற்றுக்குக் காவல் இருந்தோம். பயிர் காத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் எங்களிடம் வந்து, நிலைபேறான அபிவிருத்தி என்று நீளமாகப் பேசி, கடைசியில் சூரிய சக்திப் பம்பு தருகிறோம் என்றது. ஆளுக்கொன்றாகச் சிலருக்குச் சிறியது, அல்லது எல்லாருக்குமாகப் பெரியது ஒன்று. எது வேண்டும் என்று சொல்லுங்கள் என்றார்கள்.

தலைவர் சிவபாதம் அண்ணை, "கண்ணால பாத்திட்டு வா பிள்ளை" என்று என்னை அனுப்பினார். என் மைத்துனி போர்க்காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் அகதியாக இருந்தவள். அவளுடைய அந்தக் காலத்துச் சிநேகிதி செல்வியின் கணவர்தான் ராஜமாணிக்கம். ஆளுக்கொன்று என்பதே நல்லது என்று நான் வரும்போதே பாதி முடிவு செய்திருந்தேன். முறை வைக்கிற வேலையிலிருந்து ஓய்வு கிடைக்குமே.

செல்வி என்னை வாசலிலேயே கட்டிக்கொண்டாள். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு விரால் மீன் குழம்பு. எங்கள் ஊரில் மீன் குழம்புக்குப் பக்கத்தில் தேங்காய்ப் பால் சொதி இருக்கும், உறைப்பை ஆற்றுவதற்கு. இங்கே ரசம். அது உறைப்பை ஆற்றவில்லை, விசாரித்து விட்டுப் போனது.

இரண்டாம் நாள் காலை ராஜமாணிக்கம் வயலுக்கு அழைத்துப் போனார். இந்தப் பூமி பச்சையாகவே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். கோடை முடிவு என்பதால் வயல்கள் வெடித்துக் கிடந்தன. மேட்டூரில் இன்னும் தண்ணீர் திறக்கவில்லை, ஆற்றில் மணல்தான். அங்கங்கே சதுரம் சதுரமாகப் பச்சை தெரிந்தது. குறுவைக்கான நாற்றங்கால்கள், ஆழ்குழாய்த் தண்ணீரில் வளர்பவை. நாங்கள் நெல்லை வீசி விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பவர்கள். இவர்கள் ஒரு மூலையில் நாற்று வளர்த்து, பிறகு பிடுங்கி நடுகிறார்கள்.

நாற்றங்கால் ஓரத்தில் இரும்புக் கால்களில் நின்றது அந்தப் பந்தல். நீலக் கண்ணாடிப் பலகைகள் வரிசையாக வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. அடியில் குழாயிலிருந்து கையளவு தடிமனில் தண்ணீர் கொட்டியது. சத்தமே இல்லை. மண்ணெண்ணெய் மிஷினின் அலறலிலேயே வாழ்ந்த எனக்கு, தண்ணீர் தானாக மனம் இரங்கி வருவது போலிருந்தது.

"பந்தல் போட்டாச்சு, பொண்ணு எங்கன்னு கேக்குறானுங்கக்கா," என்றார் ராஜமாணிக்கம். "இலவசக் கரண்டுக்கு எழுதிப் போட்டு வருஷக்கணக்கா காத்திருந்தேன். அலுத்துப் போயி மானியத்துல இத வாங்கினேன். அன்னையிலேர்ந்து நான் ஊருக்குச் சிரிப்பு."

இலவசக் கரண்ட் என்ற சொல்லை நான் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இங்கே விவசாய மோட்டாருக்குக் கட்டணம் இல்லை. எங்கள் ஊரில் மின்கட்டணச் சீட்டைப் பார்த்தால் வீட்டில் ஒருவர் தலைசுற்றி உட்காரவேண்டியிருக்கும். ஆனால் இங்கே மோட்டாரை ஓட்டும் மும்முனை மின்சாரம் நாள் முழுக்க வருவதில்லை, வருகிற நேரத்தில் வரும். அதற்காக எல்லாரும் தானாக ஓடும் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறார்கள். கரண்ட் வந்ததும் ஆள் இல்லாமலே ஊர் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக எழும்பி ஓடும். வயல் நிறைந்தாலும் ஓடும்.

"காசு கட்டாத தண்ணிக்கு யாருக்கா எந்திரிச்சுப் போயி நிறுத்துவா?" என்றாள் செல்வி. "குழாய வருஷா வருஷம் இன்னும் ஆழமா இறக்குறாங்க."

"நாம அப்படி இல்ல," என்றார் ராஜமாணிக்கம்.

"நீங்க அதுக்கும் மேல. அறுவடை முடிஞ்சு வயல் காஞ்சு கெடக்கையில கூட மோட்டார ஓட்டுனீங்களே."

அவர் என்னைப் பார்த்து, "வெயில் சும்மா போவுதேன்னு மனசு கேக்கலக்கா" என்றார். சிரித்தேன். ஆனால் எங்கள் மேட்டுக் காணிக் கிணறுகள் ஞாபகத்துக்கு வந்தன. மண்ணெண்ணெய் விலைதான் இதுவரை அவற்றை வற்றாமல் காப்பாற்றி வந்திருக்கிறது.

பந்தலுக்கு மேற்கே வரப்பில் இரண்டு தென்னைகள் நின்றன. அவை கலியபெருமாளுடையவை. ராஜமாணிக்கத்தின் பெரியப்பா மகன், அடுத்த வயல்காரர். பிற்பகலில் அந்தத் தென்னைகளின் நிழல் பலகைகள் மேல் விழும், தண்ணீர் விரல் தடிமனுக்கு இளைக்கும். மரத்தை வெட்டச் சொல்லி இவர் கேட்டார். பந்தலைப் பிடுங்கச் சொல்லி அவர் சொன்னார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. பேச வேண்டியிருந்தால் செல்வி வழியாகப் பேசுவார்கள், இருவரும் ஒரே வரப்பில் நின்றாலும்.

"செல்வி, வாழைக்கன்னு வேணுமான்னு கேளு," என்றார் அன்று கலியபெருமாள், தம்பிக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டு.

"வேணாமாம் மாமா," என்றாள் அவள், கணவனைத் திரும்பிப் பார்க்காமலே.

மூன்றாம் நாள் மதியம் ஊர்க் கோடியில் ஒரு வெடிச் சத்தம். நான் எங்கள் ஊர்ப் பழக்கத்தில் சுவரோடு சாய்ந்துவிட்டேன். செல்வி என் கையைப் பிடித்து, "டிரான்ஸ்பார்மருக்கா, வேற ஒண்ணுமில்ல" என்றாள். கரண்ட் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒன்றாக இழுத்ததில் அது கருகிவிட்டது. லைன்மேன் வந்து ஏறிப் பார்த்துவிட்டு, மாற்று வரச் சில நாளாகும் என்று சொல்லி இறங்கினார். ஜபருல்லா தொலைபேசியில் ராஜமாணிக்கத்தை அழைத்து, ஊரில் எத்தனை மோட்டார் எரிந்திருக்கிறது என்று ஆர்வமாக விசாரித்தார்.

மறுநாள் காலை நாற்றங்கால்கள் வெளுக்கத் தொடங்கின. அந்த வெயிலில் இளநாற்றுக்கு ஒரு நாள் தண்ணீர் தப்பினாலே நுனி சுருளும். நாற்று போனால் குறுவை போகும். பந்தலைச் சுற்றி ஆட்கள் வந்து நின்றார்கள். கல்யாணப் பெண்ணை விசாரித்தவர்களும் இருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கொட்டுகிற தண்ணீரையே பார்த்தார்கள்.

ராஜமாணிக்கத்துக்கு அந்த நிமிடம் பிடித்திருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கேக்கட்டும், தர்றேன்" என்று எங்கள் இருவருக்கும் மட்டும் கேட்கச் சொன்னார்.

முதலில் வாய் திறந்தவள் அஞ்சலை. குத்தகைக்கு உழுகிறவள், அவளுடைய நாற்றங்கால் கடைசி வயலில். "அண்ணே, எனக்குக் கொஞ்சம் விடுங்க," என்றாள். உடனே மற்றவர்களும் கேட்டார்கள். எல்லாருக்கும் தருகிறேன் என்றார் ராஜமாணிக்கம், பங்காளியைத் தவிர. கலியபெருமாள், "செல்வி, நான் கேக்கவே இல்லேன்னு சொல்லு" என்றார். ஆனால் போகவும் இல்லை.

யாருக்கு முதலில் என்று சத்தம் கிளம்பியது. நான் எங்கள் ஊருக்கே திரும்பி வந்துவிட்டது போலிருந்தது. வார்த்தைகள்தான் கொஞ்சம் வேறு.

அப்போது செல்வி சொன்னாள்: "அக்கா இதே வேலையத்தான் அவங்க ஊர்ல பாக்குறாங்க. அவங்களுக்கு இங்க பங்காளியும் கெடையாது, பகையாளியும் கெடையாது. அவங்க முறை வைக்கட்டும்."

ஓய்வு தேடி வந்தவளின் தலையில் அது விழுந்தது. மறுத்துப் பார்த்தேன். கேட்பாரில்லை. "அப்ப ஒரு நிபந்தனை," என்றேன். "நான் முறை வைச்சா எல்லாருக்கும்தான். ஆளைப் பாத்துத் தண்ணி விட எனக்குத் தெரியாது."

ராஜமாணிக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செல்வி அவரைப் பார்த்த பார்வையில், "சரி, நாத்து என்ன பண்ணும்" என்றார்.

குளத்துத் தண்ணீருக்கும் வெயில் தண்ணீருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. குளம் எந்நேரமும் ஒரே அளவில் ஓடும். வெயில் காலையில் மெலிந்து, உச்சியில் கொழுத்து, மாலையில் சாயும். நீண்ட வாய்க்காலில் மெலிந்த தண்ணீரை விட்டால் போகிற வழியிலேயே மண் குடித்துவிடும். ஆகவே தூரத்து அஞ்சலைக்கும் அவளுக்கு முன்னால் உள்ள வயலுக்கும் உச்சி நேரம். நடுவில் உள்ளவர்களுக்கும் ராஜமாணிக்கத்துக்கும் காலை. பந்தலை ஒட்டியே இருக்கும் கலியபெருமாளுக்குப் பிற்பகல் போதும், வரப்பை வெட்டினால் நேரே விழும்.

பிற்பகல் வந்தது. கலியபெருமாள் மண்வெட்டியோடு வந்து வரப்பை வெட்டினார். தண்ணீர் நன்றாகத்தான் போனது. பிறகு தென்னை மட்டைகளின் நிழல் முதல் பலகையில் ஏறியது. தண்ணீர் இளைத்தது. இரண்டாவது பலகையில் ஏறியது. நூலாகியது. கலியபெருமாள் குழாயைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், அப்புறம் மெல்லத் தலை நிமிர்த்தித் தன் மரங்களைப் பார்த்தார். ராஜமாணிக்கம் திடீரென்று இருமத் தொடங்கி, இருமிக்கொண்டே வீட்டுப் பக்கம் போனார். அவர் தோள்கள் குலுங்கின.

அதை நான் வேண்டுமென்றே செய்தேன் என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்களாம். இல்லை. ஆனால் மறுக்க எனக்கு அவ்வளவு ஆசையும் இல்லை.

அடுத்த நாள் வானம் மூடிக்கொண்டது. மழை பெய்யும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. குழாயில் உச்சி நேரத்திலேயே பாதித் தண்ணீர்தான். யாருக்காவது குறைக்கவேண்டும். நான் அஞ்சலையின் முறையைச் சுருக்கினேன். அவள் வயல் வரை போவதற்குள் பாதி வாய்க்காலில் வீணாகும், அதை மற்றவர்களுக்கு விட்டால் கூடுதல் நாற்று பிழைக்கும். கணக்குச் சரிதான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதினான்கு வருடமாக ஊரில் இந்த வேலை செய்கிறேன், அந்த இடம் மட்டும் பழகவில்லை. அவள் வரப்போடு நடந்து போனாள்.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு மனதுக்கு ஒரு மாற்றமாக இருக்கட்டும் என்று நான் தேங்காய்ச் சம்பல் இடித்தேன், செத்தல் மிளகாய் போட்டு. ராஜமாணிக்கம் ஒரு வாய் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்து, "இத வச்சே மோட்டார் ஓட்டலாமேக்கா" என்றார். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.

நாங்கள் கை கழுவும்போது மேற்கே மட்டை விழும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தோம். ஒரு மரமேறி தென்னைகளின் கிழக்குப் பக்க மட்டைகளைக் கழித்துக்கொண்டிருந்தான். கலியபெருமாள் கீழே நின்றார்.

"செல்வி, மரத்துல வண்டு விழுந்திருக்கு, அதான் மட்டை கழிக்கிறேன்னு சொல்லு," என்றார்.

"தெரியுது மாமா," என்றாள் செல்வி.

மரத்தை வெட்டவில்லை. காய்ப்பில் இருந்த குலைகளும் அப்படியே நின்றன. ஆனால் மறுநாள் வெயில் திரும்பியபோது பிற்பகல் தண்ணீர் இளைக்காமல் விழுந்தது. அவர் நாற்றங்கால் நனைந்து முடிந்த பிறகும் வெளிச்சம் மிச்சமிருந்தது. அந்த மிச்சத்தை அஞ்சலையின் வாய்க்காலுக்குத் திருப்பினோம். கலியபெருமாளே மண்வெட்டியோடு கூட நடந்து வாய்க்காலில் உடைப்பு எடுக்காமல் பார்த்துக்கொண்டார். ராஜமாணிக்கம் எதிர்க் கரையில் நடந்தார். இருவரும் வழி முழுக்கப் பேசவில்லை. பேச வழியும் இருக்கவில்லை, ஏனென்றால் அன்று செல்வி எங்களோடு வரவில்லை.

அஞ்சலையின் நாற்றங்காலில் ஒரு மூலை கருகிவிட்டிருந்தது. தண்ணீர் போய்ச் சேர்ந்தும் அது எழும்பவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன்.

"பெரும்பங்கு நிக்குதுல்லக்கா," என்றாள். அப்புறம் சொன்னாள்: "எங்கூர்க்காரங்க முறை வச்சிருந்தா எனக்கு இதுவும் வந்திருக்காது."

கலியபெருமாள் கருகிய மூலையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, தன் நாற்று மிஞ்சும், வந்து பறித்துக்கொள் என்று அவளிடம் நேரடியாகவே சொன்னார்.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் மாற்று டிரான்ஸ்பார்மர் வந்தது. லைன்மேன் பியூஸ் கட்டையை மேலே தள்ளியதும் ஊர் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக எழும்பி ஓடின. நிறைந்திருந்த வயல்களிலும் ஓடின. பந்தலடியில் எங்களைத் தவிர யாரும் இல்லை. சிறிது நேரம் கழித்து ஒருவர் அந்த வழியாகப் போகும்போது, "பொண்ணு வந்தாச்சா ராஜமாணிக்கம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். ராஜமாணிக்கம், "போய்ட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கு" என்றார். அப்புறம் எழுந்து, தன் நாற்றங்கால் நிறைந்திருப்பதைப் பார்த்து, வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருக்கும்போதே மோட்டாரை நிறுத்தினார். அவர் முகத்தைப் பார்த்தால் கையில் உள்ள பலகாரத்தைத் திருப்பிக் கொடுத்தவர் போலிருந்தது. செல்வி எனக்கு மட்டும் கண்ணைக் காட்டினாள்.

ஜபருல்லா எரிந்த மோட்டார்களை ஏற்றிக்கொண்டு போக வந்தவர், என்னையும் மன்னார்குடி வரை கொண்டுவந்து விட்டார். அந்த ஊர்க் கோயில் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து சிவபாதம் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் வழக்கப்படி சுகம் விசாரிக்கவில்லை.

"என்ன பிள்ளை, நல்ல சாமானோ?"

"சாமான் நல்லது அண்ணை. ஆளுக்கொண்டு வேண்டாம். வெயில் சும்மா போகுது எண்டு ஒவ்வொருத்தரும் நாள் முழுக்க இறைச்சால் எங்கட கிணறுகள் தாங்காது. எல்லாருக்குமா ஒண்டு எடுப்பம். முறை வைச்சு விடுவம்."

மறுமுனையில் யோசிக்கும் சத்தம் கேட்டது. அவருக்குத் தொண்டையைச் செருமாமல் யோசிக்க வராது.

"ஒண்டெண்டால் அது ஆருடைய காணியில நிக்கிறது? ஆருக்கு உச்சி வெயில், ஆருக்குப் பின்னேரம்?"

"அதுதான் அண்ணை சொல்ல வந்தனான். தண்ணி கட்டாயம் வரும். கூடவே சண்டை பிடுங்குப்பாடும் வரும். அதுக்கு ஓமெண்டால் எடுப்பம்."

"பிடுங்குப்பாடு இப்பவும் இருக்குத்தானே பிள்ளை," என்றார். "தண்ணிதானே இல்லை. நீ வா, எடுப்பம்."